அழகுமீனாவுக்குப் பின்னால் வந்த ரோடு

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் கொழிஞ்சிப்பட்டி மாவு மில் வெள்ளைச்சாமியின் மகள் அழகுமீனா ஒரு பாக்கெட் தயிர் வாங்கக் கடைக்குக் கிளம்பினாள்; அவளுக்குப் பின்னால் ஒரு தார் ரோடும் கிளம்பி வந்தது.

பன்னிரண்டு அடி அகலம், நடுவில் வெள்ளைக்கோடு, இரண்டு பக்கமும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய செம்மண் ஓரம். புளியந்தோப்புக்குள் அவள் குறுக்கே நடந்தபோது மரங்கள் ஆளுக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டன. ரோடு அவள் குதிகாலுக்கு ஒரு முழம் பின்னால் சத்தமில்லாமல் விரிந்துகொண்டே வந்து, கடை வாசலில் அவள் நின்றதும் தானும் நின்றது. கடைக்கார முனியாண்டி வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒனக்குப் பின்னாடி ரோடு வந்திருக்கே, பாக்கலையா?"

அழகுமீனா திரும்பிப் பார்த்தாள். "ஆமாண்ணே" என்றாள். பிறகு, "தயிர் நேத்து வந்ததா, இன்னைக்கு வந்ததா?" என்று கேட்டாள்.

வந்த வழியே போனால் ஆள்கள் பார்ப்பார்களே என்று கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ரோடும் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போய், மில் வாசலில் தன் தலையைத் தன் வாலோடு சேர்த்துக்கொண்டு படுத்தது.

அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. கணக்கில் பட்டம் வாங்கி நாலு வருசம் ஆகியிருந்தது. அரசாங்க வேலைக்கு முதல் தடவை எழுதியபோது இரண்டு மார்க்கில் போனது, இரண்டாம் தடவை ஒரே மார்க்கில் போனது. மூன்றாம் தடவை பாதிப் பரீட்சையில் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஒருத்தர் தென்னை மரத்தில் ஏறி இறங்குவதை மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆறு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், ஆறு பேரும் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். கூடப் படித்தவர்களில் ஒருத்தி திருப்பூர் போனாள், ஒருத்தி சிங்கப்பூர் போனாள், ஒருத்தி இரண்டாம் பிள்ளைக்குக் காது குத்திவிட்டாள். இவள் மில்லில் உட்கார்ந்து, அரைத்த மாவைத் தூக்குவாளியில் தட்டித் தட்டி அடைத்துக்கொடுத்தாள். "அடுத்து என்னம்மா செய்யப்போற?" என்று யார் கேட்டாலும் "பாக்கலாம்" என்பாள். தெருவில் இறங்கினால் ஒவ்வொரு வாசலிலிருந்தும் "எங்க போற?" என்று ஒரு குரல் வரும். எங்கள் ஊரில் வயசுப் பிள்ளையைப் பார்த்து அப்படிக் கேட்டால், போகாதே என்று அர்த்தம். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போய்விடுவாள்.

அப்படிப்பட்டவளுக்குப் பின்னால் ரோடு வந்தால் ஊர் என்ன செய்யும்? முதல் நாள் தொட்டுப் பார்த்தது. இரண்டாம் நாள் மிளகாய் வற்றல் காயப்போட்டது. மூன்றாம் நாள், தன் சோளக்காட்டுக்கு நடுவே ரோடு போயிருக்கிறதே என்று சண்டைக்குக் கிளம்பிய கருப்பையா சங்கிலி போட்டு அளந்து பார்த்து, நிலம் ஒரு சென்ட் கூடக் குறையவில்லை, ஒரு தட்டை கூடச் சாயவில்லை என்று கண்டு, சண்டைக்கு எடுத்துவந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். சர்க்கரை வியாதிக்காரர்கள் காலையில் கை வீசி நடந்தார்கள். ஒரு நாய் வெள்ளைக்கோட்டின் மேலேயே அஞ்சு குட்டி போட்டது. அதிகாரிகள் இரண்டு பேர் ஜீப்பில் வந்து, தாரைத் துளைபோட்டு எடுத்து, மோந்து பார்த்தார்கள்.

"தரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நாங்க போடலையே."

"அப்ப இது ரோடு இல்லையா சார்?" என்று கேட்டார் ஊராட்சித் தலைவர் சின்னழகு.

"ரோடுதான். போடாத ரோடு" என்று சொல்லி அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் "எங்க போற?" என்ற கேள்வி அப்படியே தலைகீழாகப் புரண்டது. அழகுமீனா முகம் கழுவ வாசலுக்கு வந்தாலே நாலு பேர் எழுந்து நின்றார்கள். "எங்கம்மா போற? எங்க காட்டுப் பக்கம் ஒரு நடை வாயேன்." "எங்கத்தா போற? சுடுகாட்டுப் பாதை சேறா கெடக்கு, ஒரு எட்டு வந்துட்டுப் போ." குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள், கொட்டு அடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள், கூலிங் கிளாஸ் வாங்கிக் கொடுத்தும் கூட்டிக்கொண்டு போனார்கள். யார் கூப்பிட்டாலும் அவள் மறுக்காமல் போனாள். ஆனால் பள்ளிக்கூடம் என்று கிளம்பினாலும் சுடுகாடு என்று கிளம்பினாலும், பாதித் தூரத்தில் அவள் பாதம் தானாகத் திரும்பிக்கொள்ளும். அவள் என்ன முயன்றும் வீட்டுப் பக்கமே நடக்கும். பின்னால் வரும் ரோடும் வளைந்து வந்து மில் வாசலில் சேர்ந்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் ஊரைச் சுற்றிப் பதினேழு ரோடு ஆயிற்று, பதினேழும் மில்லில் தொடங்கி மில்லில் முடிந்தது. டவுன் பஸ்காரர் ஒருநாள் தெரியாமல் அதில் ஒன்றில் ஏற்றிவிட்டு மூன்று தடவை மில் வாசலுக்கே வந்து சேர்ந்தார்; மூன்றாம் தடவை, பஸ்ஸில் இருந்த பெண்கள் இறங்கி, வந்ததுதான் வந்தோம் என்று கேப்பையை அரைத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஊருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சலிப்பு வந்தது. "ரோடு போடுற காலு, ஆனா போற எடம் இல்லாத காலு" என்று சின்னழகு டீக்கடையில் சொன்னது அவள் காதுக்கும் போயிற்று. அன்று முழுக்க அவள் வெளியே வரவில்லை.

ஒரு நடை வா என்று கேட்காத ஒரே ஆள் ரோஸ்லின். எங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, அழகுமீனாவைவிட நாலைந்து வயது பெரியவள். மேற்கே மலை மேல் ஈச்சம்பாறை என்று நாற்பது வீட்டுக் குடி ஒன்று இருக்கிறது. அங்கே போக ஒற்றையடித் தடம்தான், ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம், நடுவில் ஓர் ஓடை. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மாதம் இரண்டு புதன்கிழமை அவள் ஏறி இறங்குவாள். போன வருசம் மழைக்காலத்தில், தூளி கட்டித் தூக்கி வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி அந்த ஓடைக்கரையிலேயே போய்ச் சேர்ந்தாள். ரோஸ்லின்தான் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

கோதுமை அரைக்க வந்த ரோஸ்லினிடம் அழகுமீனாவே ஒருநாள் கேட்டாள்: "எல்லாரும் கூப்பிடுறாங்க சிஸ்டர். நீங்க மட்டும் கூப்பிடலையே?"

"கூப்பிட்டா வருவே. எனக்காக வருவே, பாவம்னு வருவே. பாதில திரும்பிருவே" என்றாள் ரோஸ்லின், மாவைத் தொட்டு நைசு பார்த்துக்கொண்டே. "நீ எங்க போணும்னு ஒன்னைய யாராச்சும் கேட்டாங்களா?"

"எல்லாரும் அதத்தான கேக்குறாங்க."

"அவங்க கேக்குறது வேற. நான் கேக்குறேன், சொல்லு."

பாக்கலாம் என்று சொல்ல அழகுமீனா வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. ரோஸ்லின் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு அழகுமீனா வாசலில் நின்று, அந்தப் பதினேழு ரோட்டையும் விட்டுவிட்டு, மேற்கே தெரிந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபத்தைந்து வருசமாகத் தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த மலைதான். அதன் மேல் போய் நின்றதில்லையே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ஐப்பசியில் தனராஜ் வந்தார். டவுனில் மனை வியாபாரம். சித்திரையில் தன் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு வேலை இல்லையே என்று தட்டிக்கழித்துப் போனவர். இப்போது பதினொரு தாம்பாளத்தோடு வந்தார். எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு கரட்டை வாங்கிப் போட்டு, கல் நட்டு, சொர்க்கபூமி நகர் என்று போர்டும் வைத்திருந்தார், ரோடுதான் இல்லை.

"நிச்சயத்தன்னைக்கு நல்ல நேரத்துல மருமக நம்ம எடம் வரைக்கும் ஒரு நடை வந்துட்டாப் போதும். வேற ஒண்ணும் கேக்கலை" என்றார்.

"பாதில திரும்பிட்டா?" என்று கேட்டாள் அம்மா பஞ்சவர்ணம்.

"கல்யாணம்னு மனசுல பட்டுட்டாத் திரும்பாதுங்க."

வெள்ளைச்சாமி அதிகம் பேசுகிறவர் இல்லை. மில் சத்தத்திலேயே நாற்பது வருசம் இருந்ததால் பேச்சு வீண் என்று பழகிவிட்டவர். மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம், எடுத்துக்கொண்டோம்.

நிச்சயத்தன்று காலை தூறல் விட்டு விட்டுப் பெய்தது. மில் வாசலில் பந்தல், பட்டுக்குடை, கொட்டுமேளம், தனராஜ் வீட்டாரின் மூன்று கார். அழகுமீனா ஊதாப் பட்டு கட்டி, மணி வைத்த செருப்புப் போட்டு, தெற்கே பார்த்து நிறுத்தப்பட்டிருந்தாள். நல்ல நேரத்துக்குக் கால் மணி இருந்தது. அப்போது ரோஸ்லின் அந்த வழியாக அரைஓட்டமாக வந்தாள். தோளில் பை, பின்னால் முழங்கால்வரை சேறோடு ஈச்சம்பாறை ஆள்கள் இரண்டு பேர்.

"என்ன சிஸ்டர்?" என்று கேட்டார் சின்னழகு.

"செல்லிக்கு வலி எடுத்துருச்சு. தலைப்பிள்ளை. கொழந்தை கால் கீழ இருக்கு. ஆசுபத்திரிக்கிக் கொண்டாரணும், ஓடைல இடுப்பளவு தண்ணி ஓடுதாம். ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், அது இங்கன வரைக்கும்தான் வரும். நான் மேல போறேன்." சொல்லிக்கொண்டே அவள் நிற்காமல் பந்தலைக் கடந்து போனாள். அழகுமீனாவை ஒரு பார்வை கூடப் பார்க்கவில்லை.

அவள் போகிறதை அழகுமீனா பார்த்தாள். பிறகு பட்டுக்குடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். தூறல் அவள் தலையில் விழுந்தது.

"எங்கடி போற?" என்றாள் பஞ்சவர்ணம்.

"ஈச்சம்பாறைக்கும்மா."

கொட்டுமேளம் நின்றுவிட்டது. அவள் வாயிலிருந்து ஓர் ஊர்ப் பெயர் வந்ததை நாங்கள் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டோம். பஞ்சவர்ணம் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தோம். அவள் குனிந்து தன் காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றி மகள் முன்னால் வைத்தாள். "அந்தச் செருப்புல மலை ஏற முடியாது. இதப் போட்டுக்க."

"நல்ல நேரம் போயிருமேம்மா!" என்று தனராஜ் குரல் கொடுத்தார்.

"போகட்டுங்க" என்றார் வெள்ளைச்சாமி.

அவள் மேற்கே நடந்தாள், ரோடு பின்னால் போயிற்று. ஊர் எல்லை தாண்டி, கள்ளிவேலி தாண்டி, மலையடிவாரத்துச் சரளைமேட்டைத் தாண்டி, தடம் செங்குத்தாக ஏறிய இடத்தில் ரோடு ஒரு மூச்சு நின்று, பிறகு பாறையைப் பக்குவமாக ஒதுக்கி வைத்துவிட்டு முதல் கொண்டை ஊசி வளைவை வளைத்தது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எவ்வளவு தூரங்க போகணும்?" என்று கேட்டார்.

"அந்தா ஊதாச் சேலை தெரியுதுல்ல, அது எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம்" என்றோம். ஆம்புலன்ஸ் அவளுக்குப் பத்தடி பின்னால், உச்சியில் விளக்குச் சுற்ற, நடை வேகத்தில் ஊர்ந்து போனது. அதன் பின்னால் எங்கள் மினி லாரி, அதன் பின்னால் டிராக்டர், அதன் பின்னால் சைக்கிள்கள், நடக்கிறவர்கள், சும்மா விடுவானேன் என்று கொட்டுமேளக்காரர்களும்.

ஏழாவது வளைவில் அவள் பாதம் திரும்பியது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முதலில் வலது கால், பிறகு இடது கால், ஊரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. ரோட்டின் முனை இளகி, வளையத் தயாராகி நின்றது. அங்கிருந்து பார்த்தால் கீழே ஊர் தெரியும். மில்லைச் சுற்றி அவள் போட்ட பதினேழு வளையமும், பூனை இழுத்துப்போட்ட நூல்கண்டு மாதிரிக் கிடந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழை வலுத்தது. ரோஸ்லின் அடுத்த வளைவுக்கு மேலே போய்க்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை.

அழகுமீனா பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். நடுரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் தன் வலது பாதத்தைப் பிடித்து, துருப்பிடித்த திருகைத் திருப்புகிறமாதிரிப் பல்லைக் கடித்துக்கொண்டு மலைப்பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு இடது பாதம். அது இன்னும் கெட்டியாக இருந்தது. அவள் கத்தினாள், வலியில் இல்லை, கோபத்தில். "என் காலுதான நீ! வா!" என்று கத்தினாள். கால் திரும்பியது. எழுந்து ஓர் அடி வைத்தாள், இன்னோர் அடி வைத்தாள், பிறகு ஓட ஆரம்பித்தாள். ரோடு அவளைப் பிடிக்கப் படாத பாடு பட்டது. அந்த இடத்தில் வெள்ளைக்கோடு இன்றைக்கும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும்.

ஓடையில் இறங்கும்போது ரோஸ்லினைப் பிடித்துவிட்டாள். இரண்டு பேரும் கைகோத்து, இடுப்பளவு தண்ணீரில், ஈச்சம்பாறை ஆள்கள் கட்டியிருந்த கயிற்றைப் பற்றிக்கொண்டு கடந்தார்கள். அவர்கள் அக்கரை ஏறியபோது அவர்களுக்குப் பின்னால் ஒரு பாலம் நின்றது. ஆம்புலன்ஸ் டிரைவர் அதன் மேல் ஏற்றும்போது மட்டும் ஒரு தடவை சாமி கும்பிட்டுக்கொண்டார்.

செல்லியைத் தூக்கி ஆம்புலன்சில் ஏற்றினார்கள். இறங்கும் வழியில், மேலிருந்து நாலாவது வளைவில், ரோஸ்லின் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மேலே வந்துகொண்டிருந்த டிராக்டர், லாரி, சைக்கிள் எல்லாம் நின்றது. மழையில் நூறு பேர் நனைந்துகொண்டு நின்றோம். கதவுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது, சின்னதாக, பிறகு பெரிதாக, பிறகு மலைக்கே கேட்கிறமாதிரி. "பொம்பளைப் பிள்ளை! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க!" என்று ரோஸ்லின் கத்தினாள். நிச்சயத்துக்கு வந்த கொட்டுமேளக்காரர்கள் அதற்காகவே பிறந்தவர்கள் மாதிரி அடித்தார்கள். சின்னழகு அழுதார். டீக்கடையில் சொன்ன பேச்சுக்கு எல்லோர் முன்னாலும் வெள்ளைச்சாமியின் கையைப் பிடித்து, "தப்பா சொல்லிட்டேன்" என்றார்.

அழகுமீனா இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் மேலேயே இருந்தாள். ஈச்சம்பாறையின் மூப்பன் காமாட்சன், நாற்பது வயசிருக்கும், அவளுக்குத் தினைக்கஞ்சி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ரோடு வந்தது சந்தோசந்தான். இதுல இனி யாரெல்லாம் வருவாக?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். தனராஜின் கார் ஏற்கெனவே மேலே வந்து நின்றிருந்தது; அவர் இறங்கி, காட்சி நன்றாகத் தெரிகிற ஒரு பாறையைக் காலடியால் அளந்துகொண்டிருந்தார்.

"நீங்க யாரை விடுறீகளோ அவங்க மட்டும் வாரமாதிரி செய்வோம்" என்றாள் அழகுமீனா. "எனக்கு எழுதத் தெரியும். உக்காந்து பேசுவோமா?"

மூன்று வாரம் அங்கேயே இருந்தாள். நாற்பது வீட்டுக்காரர்களும் பேசினார்கள், அவள் எழுதினாள், காட்டு உரிமைக்கு மனு போட்டாள், எல்லைகளை ஒவ்வொன்றாக நடந்து குறித்தாள். மலையடிவாரத்தில் ஒரு சங்கிலி போட்டு, சாவி ஈச்சம்பாறையில் இருப்பது என்று முடிவாயிற்று. ஆம்புலன்சுக்கும் ரோஸ்லினுக்கும் கேட்காமலே திறக்கும். முதலில் திருப்பி அனுப்பப்பட்ட வண்டி தனராஜுடையது. சம்பந்தம் அதோடு முடிந்தது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அவள் இறங்கி வந்தபோது அவளுக்குப் பின்னால் ரோடு வரவில்லை. கிழக்கே நடக்கச் சொல்லிப் பார்த்தோம், தெற்கே நடக்கச் சொல்லிப் பார்த்தோம். வெறும் காலடித் தடம்தான் விழுந்தது. எங்களுக்குத்தான் ஏமாற்றம். அவள் சிரித்தாள். அடுத்த வாரமே பெட்டியைக் கட்டி, நில அளவைப் படிப்புப் படிக்க டவுனுக்குப் போனாள். எங்கே போகிறாய் என்று எல்லா வாசலிலும் கேட்டார்கள், எல்லா வாசலிலும் நின்று விவரமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு வருசம் கழித்து, ஈச்சம்பாறைக்கும் மேலே இருக்கிற மேல்கரட்டுக்காரர்கள் தங்களுக்கும் ரோடு வேண்டும் என்று கேட்டபோது, கலெக்டர் ஆபீசில் பெரிய மேசை மேல் வரைபடத்தை விரித்து வைத்து எஞ்சினியர் தலையை ஆட்டினார். "இந்த மலைல ரோட்டுக்கு லைன் கெடைக்காதும்மா. ரெண்டு தடவை பாத்தாச்சு."

படிப்பை முடித்து மேல்கரட்டுக்காரர்களுக்காக வந்திருந்த அழகுமீனா, தான் வரைந்த தாளை அதன் மேல் விரித்தாள். "கெடைக்கும் சார். பதினாலு வளைவு. நடந்து பாத்துட்டேன்."

"எத்தனை தடவை?"

"முப்பத்தோரு தடவை."

எஞ்சினியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, "உக்காருங்க மேடம்" என்றார்.

இந்த ரோடு சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தது. ஜல்லி லாரி வந்தது, தார் கொதித்தது, உருளை எஞ்சின் இரண்டு தடவை கெட்டது, மழை ஒரு வளைவை அடித்துக்கொண்டு போய் மறுபடி போட்டார்கள், பத்தொன்பது மாதம் ஆனது. அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் அளவு நாடாவோடு, ஒவ்வொரு முழத்துக்கும் கூட நின்றாள்.

முதல் பஸ் மேல்கரட்டுக்குப் போன அன்று நாங்களும் ஏறிப் போனோம். கடைசி வளைவில் மேல்கரட்டுச் சனம் முழுக்க இறங்கி வந்து பஸ்ஸுக்கு முன்னால் ஆடிக்கொண்டே நடந்தது. டிரைவர் ஆரன் அடித்தார், ஆரனுக்கும் சேர்த்து ஆடினார்கள். அழகுமீனா முன் சீட்டில், வளைவுகளில் வயிறு புரட்டியதால் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுத் தடத்துக்கு வந்த கண்டக்டர் டிக்கெட் கட்டோடு அவளிடம் வந்து நின்றார்.

"டிக்கெட் எந்த ஊருக்கும்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் பஸ் முழுக்க, வெளியே ஆடிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து, "மேல்கரடு!" என்று கத்தினார்கள்.

"மேல்கரடு ஒண்ணு" என்றாள் அழகுமீனா, சிரித்துக்கொண்டே கையை நீட்டி.